பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸ் பார்க்க, கணிக்க, டிக்கெட் எடுக்க: டொரொன்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

2025 அக்டோபரில் டொரொன்டோவில் எங்கே திரும்பினாலும் நம் ஊர் பேஸ்பால் அணி ப்ளூ ஜேஸ் பேச்சுதான். ஸ்கார்பரோ மளிகைக் கடைக் கல்லாவில் இருந்தவர்கூட நீல நிற ஜெர்சி போட்டிருந்தார். தீபாவளி அன்று இரவு வேர்ல்ட் சீரிஸுக்குள் நுழைய சியாட்டில் மரினர்ஸோடு ஆடிய தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நம் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த ஹோம் ரன்னுக்கு (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல), எங்கள் அப்பார்ட்மென்டில் மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சேர்ந்து கத்தினார்கள். அந்த வாரம்தான் புதிதாக வந்தவர்களின் கேள்விகள் தொடங்கின. எந்தச் சேனலில் வருகிறது? டிக்கெட் எப்படி வாங்குவது? ஆபீஸ் பூலில், அதாவது யார் வெல்வார் என்று எல்லோரும் கணித்து எழுதும் போட்டியில், என்ன எழுதிக் கொடுப்பது? இதே கேள்விகளுக்குப் பதில் தேடி நானும் அலைந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில் கிடக்கும், பாதி தகவல் பழசாகவும் இருக்கும். அடுத்த அக்டோபரில் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது முக்கியமாக டொரொன்டோ பகுதியில் இருப்பவர்களுக்கானது. கணிப்பு, நேரம் பற்றிய பகுதிகள் எங்கிருந்து பார்ப்பவர்களுக்கும் பொருந்தும். டாலர் என்று வரும் இடமெல்லாம் கனடா டாலர். விலைகள் 2025 சீசனை ஒட்டியவை, நீங்கள் படிக்கும்போது கொஞ்சம் மாறியிருக்கலாம்.

1. செப்டம்பரிலேயே காலண்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்

மேஜர் லீக் (எம்.எல்.பி.) என்பதுதான் இங்கே பேஸ்பாலின் முதன்மை லீக், அதில் 30 அணிகள். ஒவ்வொன்றும் 162 ஆட்டம் ஆடி, செப்டம்பர் கடைசியில் 12 அணிகள் மிஞ்சும். அவை ஆடும் சுற்றுகள்தான் பிளேஆஃப். அமெரிக்கன் லீக்கில் 6, நேஷனல் லீக்கில் 6. ஒவ்வொரு லீக்கிலும் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களுக்கு முதல் சுற்று கிடையாது. மற்றவர்கள் மூன்று ஆட்டத் தொடர் ஆடி வர வேண்டும். அப்புறம் ஐந்து ஆட்டத் தொடர், ஏழு ஆட்டத் தொடர், கடைசியாக இரண்டு லீக்கின் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸ். அதுவும் ஏழு ஆட்டம்தான். முதலில் நான்கு வெல்பவருக்குக் கோப்பை.

வேர்ல்ட் சீரிஸ் அக்டோபர் கடைசி வாரத்தில் வரும். 2025-ல் நடந்த தேதிகளைப் பாருங்கள்: 24 வெள்ளி, 25 சனி டொரொன்டோவில். ஞாயிறு பயண நாள். 27, 28, 29 லாஸ் ஏஞ்சலஸில். வியாழன் பயணம். 31 வெள்ளி, நவம்பர் 1 சனி மறுபடி டொரொன்டோவில். இந்த 2-3-2 அமைப்பு எல்லா வருடமும் ஒன்றுதான். சீசனில் அதிக வெற்றி பெற்ற அணியின் மைதானத்தில் முதல் இரண்டும், தேவைப்பட்டால் கடைசி இரண்டும் நடக்கும். 2025-ல் ஜேஸ் 94 வெற்றி, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 93. அந்த ஒரு வெற்றி வித்தியாசத்தில்தான் நான்கு ஆட்டம் நம் ஊருக்கு வந்தது.

ஆட்டம் பொதுவாக இரவு 8 மணி வாக்கில் தொடங்கும். சென்னையில் அப்போது மறுநாள் காலை 5.30. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் காலை 8. நவம்பர் முதல் ஞாயிறு விடிகாலையில் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதற்குப் பிறகு ஆட்டம் நடந்தால் இந்தியாவில் 6.30. ஊரில் இருக்கும் அண்ணனோடு போனில் பேசியபடியே பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

மறுநாள் வேலையையும் யோசித்து வையுங்கள். ஆட்டம் சாதாரணமாக மூன்று மணி நேரத்தைத் தாண்டும். ஆனால் டிரா என்பது இந்த ஆட்டத்தில் இல்லை. 2025-ன் மூன்றாவது ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 18 இன்னிங்ஸ் போய், 6 மணி 39 நிமிடம் நடந்து, நம் நேரப்படி விடிகாலை மூன்று மணியை நெருங்கும்போது டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம் ரன்னில் முடிந்தது. அது திங்கட்கிழமை இரவு. செவ்வாய் காலை ஷிஃப்ட் இருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். தொடர் நடக்கும் வாரத்தில் முடிந்தால் மதிய ஷிஃப்டுக்கு முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள். ஏழாவது ஆட்டத்துக்கு மறுநாள் லீவு வேண்டும் என்றால் செப்டம்பரில் கேட்பதுதான் மரியாதை, கிடைக்கவும் செய்யும்.

2. திரையில் எதைப் படிப்பது

எல்லா விதியும் தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும் என்றில்லை. டிவியின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் முக்கால்வாசி புரிந்துவிடும்.

அதில் இன்னிங்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. மேல்நோக்கி இருந்தால் வெளியூர் அணி அடிக்கிறது, கீழ்நோக்கி இருந்தால் சொந்த ஊர் அணி. மூன்று சின்னச் சதுரங்கள் வைர வடிவில் நிற்கும். அவை முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ், அதாவது பேட்டர் ஒவ்வொன்றாக ஓடிக் கடக்க வேண்டிய நிலைகள். மூன்றையும் கடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ரன். ஆள் நிற்கும் பேஸ் நிறம் மாறி மின்னும். அப்புறம் "3-2" என்பது போல ஓர் எண். முதலில் வருவது பால் (அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே போய், பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து), அடுத்தது ஸ்ட்ரைக் (எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்டது, அல்லது மட்டையை வீசித் தவறவிட்டது). நான்கு பால் ஆனால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவார், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். மூன்று அவுட்டில் அந்தப் பாதி முடியும். இரண்டு அணியும் ஒரு முறை அடித்தால் ஓர் இன்னிங்ஸ். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.

இதோடு பந்து வீசும் பிட்ச்சர் எத்தனை பந்து வீசியிருக்கிறார் என்ற எண்ணும் அங்கேயே இருக்கும். இதை மட்டும் விடாமல் பாருங்கள். 85, 90-ஐத் தாண்டினால் கோச் எழுந்து வரப்போகிறார் என்று அர்த்தம். கிரிக்கெட்டைப் போல ஓவர் கணக்கு இங்கே இல்லை. ஆனால் வெளியே எடுத்த பிட்ச்சரை அந்த ஆட்டத்தில் மறுபடி பந்து வீசக் கொண்டுவர முடியாது. ஆட்டத்தின் முக்கால்வாசி பதற்றம் இந்த ஒரு விதியிலிருந்துதான் வருகிறது.

இன்னொன்று. சீசன் ஆட்டங்களில் பத்தாவது இன்னிங்ஸ் முதல் இரண்டாம் பேஸில் ஓர் ஆளைச் சும்மா நிறுத்திவைப்பார்கள். பிளேஆஃபில் அது கிடையாது. அதனால்தான் 18 இன்னிங்ஸ் எல்லாம் நடக்கிறது.

3. எங்கே பார்ப்பது, எவ்வளவு ஆகும்

கனடாவில் ஆங்கில ஒளிபரப்பு ஸ்போர்ட்ஸ்நெட்டில். வீட்டில் ஏற்கெனவே கேபிள் இருந்தால் உங்கள் பேக்கேஜில் அந்தச் சேனல் இருக்கிறதா என்று செப்டம்பரிலேயே பாருங்கள். இல்லையென்றால் ஸ்போர்ட்ஸ்நெட் ப்ளஸ் ஆப்பில் மாதச் சந்தா கட்டலாம், 30 டாலரை ஒட்டி ஆகும். வருடச் சந்தா மாதக் கணக்கில் மலிவாகத் தெரியும். பேஸ்பால் பிளேஆஃப் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் அது நஷ்டம். மாதச் சந்தாவையே அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்குங்கள். வேர்ல்ட் சீரிஸ் நவம்பரைத் தொட்டால் இரண்டாவது மாதக் கட்டணமும் விழும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எல்.பி.யின் சொந்தச் சந்தா சேவை ஒன்றும் இருக்கிறது. அதில் பணம் கட்டுவதற்கு முன், உள்ளூரில் உரிமை பெற்ற சேனல் காட்டும் ஆட்டங்கள் அதில் நேரலையில் தடுக்கப்பட்டிருக்குமா என்று நன்றாகப் படியுங்கள். பணத்தைக் கட்டிவிட்டு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பலரை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது சுலபம். ஆட்டங்கள் ஃபாக்ஸில் வருகின்றன. கடையில் ஒரு சாதாரண ஆன்டெனா வாங்கி மாட்டினால் சந்தாவே வேண்டாம்.

காசு செலவழிக்க விருப்பமில்லையா? ரேடியோ இருக்கிறது. டொரொன்டோவில் ஏ.எம். 590. டெலிவரி ஓட்டுபவர்களும் இரவு ஷிஃப்டில் இருப்பவர்களும் இதில்தான் கேட்கிறார்கள். வர்ணனை அருமையாக இருக்கும். ஆட்டத்தைக் காதால் கேட்டுக் கற்றுக்கொள்வது வேகமாக நடக்கும் என்பது என் அனுபவம். எம்.எல்.பி. ஆப்பில் பந்துக்குப் பந்து ஸ்கோரும் இலவசம்.

ஆப்பில் பார்ப்பவர்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன் போனில் எல்லா ஸ்கோர் நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுங்கள், குடும்ப வாட்ஸாப் குரூப்பை மியூட் செய்யுங்கள். இணைய ஒளிபரப்பு நிஜ ஆட்டத்தைவிடப் பல நொடிகள் பின்தங்கி வரும். பிட்ச்சர் கையை ஓங்கும்போதே பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்டால் அப்புறம் என்ன மிச்சம்!

4. கணிப்பது: அணியின் பெயரை விடுங்கள், பிட்ச்சரைப் பாருங்கள்

ஆபீஸிலோ நண்பர்களிடமோ பூல் வந்ததும் புதியவர்கள் எல்லோரும் செய்வது, எந்த அணி பெரியது, யார் நட்சத்திரம் என்று பார்த்து எழுதுவது. சீசன் முழுக்க யார் நன்றாக ஆடினார்கள் என்பது பேஸ்பால் பிளேஆஃபில் அவ்வளவாகக் கைகொடுக்காது. 2025-ல் சீசனில் எல்லோரையும்விட அதிகமாக 97 ஆட்டம் வென்றது மில்வாக்கி. லீக் சாம்பியன்ஷிப் தொடரில் டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டமும் தோற்று வெளியேறியது. 2023-ல் 84 வெற்றியோடு உள்ளே நுழைந்த அரிசோனா வேர்ல்ட் சீரிஸ் வரை வந்தது.

கணக்கு என்ன சொல்கிறது என்றால், ஓர் ஆட்டத்தை வெல்ல ஓர் அணிக்கு 55 சதவீத வாய்ப்பு இருந்தால், ஏழு ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு சுமார் 61 சதவீதம்தான். 60 சதவீதம் என்று பெரிதாக வைத்தாலும் தொடரில் 71. அதாவது நன்றாக ஆடும் அணிகூட மூன்றில் ஒரு தொடரை இழக்கும். ஆகவே "நிச்சயம் இவங்கதான்" என்று பேசுபவரை நம்பி உங்கள் கணிப்பை மாற்றாதீர்கள்.

எத்தனை ஆட்டத்தில் முடியும் என்று கேட்பார்கள். இரண்டு அணியும் சமபலம் என்றால் நான்கில் முடிய 12.5 சதவீதம், ஐந்தில் 25, ஆறிலும் ஏழிலும் தலா 31.25. எனவே ஆறு அல்லது ஏழு என்று எழுதுங்கள். "நாலே ஆட்டத்துல முடிச்சிடுவாங்க" என்பது கேட்க நன்றாக இருக்கும், பாயின்ட் வராது.

சரி, அப்புறம் எதைப் பார்த்துக் கணிப்பது? ஸ்டார்டிங் பிட்ச்சர்களின், அதாவது ஆட்டத்தை வீசித் தொடங்குபவர்களின் வரிசையை. ஒரு ஸ்டார்டர் வீசிவிட்டால் வழக்கமாக நான்கு நாளாவது ஓய்வு வேண்டும். முதல் ஆட்டத்தில் வீசியவர் ஐந்தாவதில் வருவார், இரண்டாவதில் வீசியவர் ஆறாவதில், மூன்றாவதில் வீசியவர் ஏழாவதில். 2025-ல் இது அப்படியே நடந்தது. முதல் ஆட்டத்தில் ஜேஸின் ட்ரே யெசாவேஜ் எதிர் டாட்ஜர்ஸின் ப்ளேக் ஸ்னெல், ஐந்தாவதிலும் அதே இருவர். இரண்டாவதில் ஜேஸின் கெவின் காஸ்மன் எதிர் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ, ஆறாவதிலும் அதே. மூன்றாவதில் ஜேஸுக்காக வீசிய மேக்ஸ் ஷெர்சர் ஏழாவதில் வந்தார். ஒரு பேப்பரில் ஏழு கட்டம் போட்டு இந்தப் பெயர்களை எழுதிப் பாருங்கள். யார் யாருக்கு எதிராக எந்த நாளில் வருவார் என்பது முதல் ஆட்டத்துக்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். எம்.எல்.பி. தளத்தில் உத்தேச பிட்ச்சர்கள் என்று முன்கூட்டியே போடுவார்கள். அதைப் பார்க்காமல் கணிப்பு எழுதாதீர்கள்.

அடுத்து புல்பென், அதாவது ஸ்டார்டர் போன பிறகு வந்து வீசுபவர்கள். முந்தைய இரண்டு நாளில் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்று பாருங்கள். அந்த 18 இன்னிங்ஸ் ஆட்டம் முடிந்தபோது இரண்டு அணியிலும் கிட்டத்தட்ட எல்லோரும் வீசித் தீர்த்திருந்தார்கள். மறுநாள் எந்த ஸ்டார்டர் நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பார் என்பதுதான் கேள்வியாக இருந்தது. ஜேஸின் ஷேன் பீபர் தாக்குப்பிடித்தார், ஜேஸ் 6-2 என்று வென்றது. முந்தைய இரவு ஒன்பது முறை பேஸ் ஏறிய டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஷோஹெய் ஓதானிதான் எதிரணி பிட்ச்சர். பெயரை மட்டும் பார்த்தவர்கள் அன்று தவறாக எழுதினார்கள்.

ஏழாவது ஆட்டத்துக்கு மட்டும் இந்த ஓய்வுக் கணக்கு எல்லாம் செல்லாது. நாளை என்று ஒன்று இல்லாததால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். யமமோட்டோ வெள்ளிக்கிழமை ஆறு இன்னிங்ஸ் வீசினார். சனிக்கிழமை மறுபடி வந்து கடைசி எட்டு அவுட்டையும் எடுத்தார். 2, 6, 7 என்று மூன்று வெற்றி அவர் கணக்கில். தொடர் நாயகனும் அவரே. தொடர் நாயகனைக் கணிக்கச் சொன்னால் ஹோம் ரன் அடிப்பவர்களை மட்டும் யோசிக்காமல், இரண்டு முறை வீச வாய்ப்புள்ள பிட்ச்சரையும் கணக்கில் எடுங்கள்.

சொந்த மைதானத்துக்கு அதிக மதிப்பெண் கொடுக்காதீர்கள். 2025-ன் ஏழு ஆட்டத்தில் சொந்த ஊர் அணி வென்றது இரண்டே இரண்டு. 2019-ல் வாஷிங்டனும் ஹூஸ்டனும் மோதிய தொடரில் ஏழு ஆட்டத்தையும் வெளியூர் அணியே வென்றது. ஓய்வு எடுத்து வரும் அணி முன்னால் நிற்கும் என்பதும் அப்படித்தான். டாட்ஜர்ஸ் ஒரு வாரம் ஓய்ந்துவிட்டு வந்தார்கள். முதல் ஆட்டத்தில் ஜேஸின் அடிசன் பார்ஜர் மாற்று ஆளாக இறங்கி மூன்று பேஸும் நிறைந்திருக்க ஹோம் ரன் அடித்தார். வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் மாற்று பேட்டர் ஒருவர் அப்படி அடித்தது அதுவே முதல்முறை. 11-4 என்று ஜேஸ் வென்றது.

பூலில் இருவர் சமமாக வந்தால் முடிவு செய்ய, மொத்த ரன் எவ்வளவு என்று கேட்டால், ஆட்டத்துக்கு எட்டு அல்லது ஒன்பது என்று வைத்து ஆட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 2025-ல் ஏழு ஆட்டத்தில் 60. அதில் ஜேஸ் எடுத்தது 34, டாட்ஜர்ஸ் 26. அதிக ரன் எடுத்த அணி கோப்பையை இழந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

தொடரின் நடுவில் கணிப்பை மாற்ற அனுமதிக்கும் பூல்களும் உண்டு. 3-2 என்று முன்னால் இருக்கும் அணிக்கு, சமபலம் என்றால், 75 சதவீதம் வாய்ப்பு. 3-0 என்று பின்தங்கிய அணி மீண்டு வந்து ஏழு ஆட்டத் தொடரை வென்றது மேஜர் லீக்கில் ஒரே முறை, 2004-ல் பாஸ்டன், அதுவும் வேர்ல்ட் சீரிஸில் இல்லை. 3-0-வில் இருக்கும்போது ஆசைக்காக எழுத வேண்டாம். 3-1-ல் இருக்கும்போது எழுதலாம், 2016-ல் சிகாகோ கப்ஸ் அதைச் செய்தது.

5. பூல், பந்தயம், பணம்

நண்பர்கள் பூல் என்றால் விதிகளை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு மூடப்படும், சமநிலை வந்தால் என்ன, எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் ரன் சேருமா. இந்த மூன்றும் இல்லாததால்தான் சண்டை வருகிறது. பணம் வைப்பதாக இருந்தால் சேர்ந்த தொகை முழுவதும் ஆடுபவர்களுக்கே போக வேண்டும், நடத்துபவர் அதில் ஒரு சதம்கூட எடுக்கக் கூடாது. ஆபீஸில் நடத்துவதற்கு முன் நிறுவன விதியைக் கேளுங்கள். நாங்கள் தோற்றவர் எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கித் தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம், அது நன்றாகப் போகிறது.

ஆன்லைன் பந்தயம் ஒன்டாரியோவில் 2022 ஏப்ரல் முதல் உரிமம் பெற்ற தனியார் தளங்களிலும் சட்டப்படி நடக்கிறது. வயது 19 ஆகியிருக்க வேண்டும், அரசு அடையாள அட்டை கேட்பார்கள், நீங்கள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்களில் பணம் போட்டால் திரும்பி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் தடைசெய்திருக்கிறது. ஊரில் இருக்கும் தம்பியிடம் "எனக்காக ஒரு பந்தயம் போடு" என்று சொல்லி அவரை வம்பில் மாட்டாதீர்கள்.

பந்தயத் தளத்தில் ஓர் அணிக்கு 1.80, மற்றதற்கு 2.05 என்று (ஒரு டாலர் வைத்து வென்றால் கையில் வருவது) போட்டிருந்தால், ஒன்றை அந்த எண்ணால் வகுங்கள். 55.6 சதவீதம், 48.8 சதவீதம். கூட்டினால் 104-க்குச் சற்று மேல். நூறைத் தாண்டும் அந்த 4 சொச்சத்தில்தான் தளத்தின் லாபம். யார் வென்றாலும் அது அவர்களுக்கு. படிக்க வந்த பிள்ளைகள் வாடகைப் பணத்தை இதில் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். மனதாரச் சொல்கிறேன், கணிப்பைப் பேப்பரில் எழுதிப் பார்ப்பதே போதும். தொடரின் சுகம் குறைந்துவிடாது.

6. டிக்கெட்

இதற்குத் தேவை: அணியின் தளத்தில் ஒரு கணக்கு, அதில் உறுதிசெய்த மின்னஞ்சலும் போன் எண்ணும், வரம்பு போதுமான கிரெடிட் கார்டு, எம்.எல்.பி. பால்பார்க் ஆப். இவை எல்லாம் ஆகஸ்டிலேயே தயாராக இருக்க வேண்டும். அணியின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள், முன்விற்பனைக் குறியீடு அதில்தான் வரும்.

முதலில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள், அப்புறம் முன்விற்பனை, கடைசியில் பொது விற்பனை. பொது விற்பனையில் ஆன்லைன் வரிசை லட்சத்தைத் தாண்டும். கார்டு எண் ஏற்கெனவே கணக்கில் பதிந்திருக்கட்டும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு எந்த போனுக்கு வருகிறது என்று முன்பே சோதியுங்கள். இந்திய எண்ணுக்கு வரும்படி விட்டிருந்தால் அந்த நிமிடத்தில் கதை முடிந்தது.

மறுவிற்பனையில் 2025 வேர்ல்ட் சீரிஸுக்கு டொரொன்டோவில் மிகவும் மலிவான இடமே ஆயிரம் டாலரைத் தாண்டியது. உண்மையைச் சொன்னால், புதிதாக வந்து வாடகை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த விலை கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. முந்தைய சுற்றுகளுக்கு விலை கணிசமாகக் குறைவு, சத்தம் அதே சத்தம்தான். அப்படியும் வாங்குவதாக இருந்தால் இவற்றைப் பாருங்கள்:

விலை அமெரிக்க டாலரிலா, கனடா டாலரிலா. சில தளங்களில் இது ஒரு சின்ன எழுத்தில் இருக்கும். கட்டணமும் வரியும் சேர்ந்த கடைசித் தொகை எவ்வளவு. "தேவைப்பட்டால்" என்று குறித்த ஆட்டமா. நடக்காமல் போனால் அணியிடம் நேராக வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பி வரும். மறுவிற்பனைத் தளத்தின் விதியைத் தனியாகப் படிக்க வேண்டும்.

முகநூல் குழுக்களில் "அவசரமாக ஊருக்குப் போகிறேன், பாதி விலைக்குத் தருகிறேன்" என்று வரும் பதிவுகளுக்கு இன்டராக் (வங்கிக் கணக்கிலிருந்து மின்னஞ்சல் வழியாகப் பணம் அனுப்பும் முறை) மூலம் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிய பணம் அவர் கணக்கில் ஏறிவிட்டால் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். டிக்கெட் முழுக்க மொபைலில்தான். ஸ்கிரீன்ஷாட்டையோ பி.டி.எஃப்.பையோ காட்டி விற்பவரிடம், ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது, வெளிமைதானத்தின் கீழ் வரிசையைவிட, ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடம்) பின்னால், 500 என்று எண்ணிட்ட உச்சி அடுக்கே மேல். உயரமாக இருந்தாலும் பந்தின் போக்கும் ஃபீல்டர்கள் நிற்கும் விதமும் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும்.

டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி. அணி வெளியூரில் ஆடும் இரவுகளில் ஜேஸின் மைதானமான ரோஜர்ஸ் சென்டரையே திறந்து பெரிய திரையில் காட்டினார்கள். அதற்கான டிக்கெட் நிஜ ஆட்டத்தின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். குடும்பத்தோடு போக அதைவிட நல்ல இரவு இல்லை. அறிவிப்பு திடீரென்று வரும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

7. ஸ்டேடியம் போகும் நாள்

காரை எடுக்காதீர்கள். ஸ்கார்பரோவிலிருந்து பஸ்ஸில் கென்னடி நிலையம், அங்கிருந்து சப்வேயின் இரண்டாம் லைன், பிறகு முதலாம் லைனில் யூனியன் நிலையம். ப்ரெஸ்டோ பயண அட்டையில் 3.30 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை மாறினாலும் அதே கட்டணம். யூனியனிலிருந்து மூடிய நடைபாதை வழியாகப் பத்து நிமிட நடை. புறநகர் ‘கோ’ ரயிலில் போகிறவர்கள் கடைசி வண்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் வந்தால் அது உங்களுக்காகக் காத்திருக்காது.

கூரை மூடக்கூடியது, மழை பெய்தாலும் ஆட்டம் நடக்கும். பை அளவு, வெளி உணவு விதிகள் அணியின் தளத்தில் இருக்கும், கிளம்பும் முன் பாருங்கள். போனை முழு சார்ஜ் செய்து, டிக்கெட்டை வீட்டிலேயே போன் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். வாசலில் நாற்பதாயிரம் பேர் நிற்கும்போது நெட்வொர்க் இழுக்கும். பீர் வாங்குவதாக இருந்தால் வயதைக் காட்டும் அடையாள அட்டை அசலாக வேண்டும், போனில் உள்ள படம் செல்லாது.

8. வெளியூர் ஆட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். கனடாவின் நிரந்தர வசிப்பு அட்டை அமெரிக்காவுக்குள் போக விசா ஆகாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பி1/பி2 என்ற பார்வையாளர் விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 185 அமெரிக்க டாலர், நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அக்டோபரில் அணி ஜெயித்ததும் விண்ணப்பித்தால் அந்தத் தொடருக்குள் விசா கிடைக்காது. போக ஆசை இருந்தால் இப்போதே போட்டு வையுங்கள். கல்வி அனுமதி, வேலை அனுமதியில் இருப்பவர்கள் கனடாவுக்குத் திரும்பி வரும்போது என்ன ஆவணம் வேண்டும் என்பதையும் கிளம்பும் முன் அரசுத் தளத்தில் படியுங்கள். கனடா பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். இரண்டாவது ஆட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரே நாள்தான், விமான டிக்கெட் அதற்குள் எகிறிவிடும். ரத்துசெய்யக்கூடிய ஹோட்டலை மட்டும் முன்பே பிடியுங்கள்.

9. கடைசி இரண்டு ஆட்டமும், அதற்குப் பிறகும்

ஆறாவது ஆட்டம் ஹாலோவீன் இரவில் வரலாம், 2025-ல் அப்படித்தான் வந்தது. பிள்ளைகளை மிட்டாய்க்கு ஆறு மணிக்கே அழைத்துப் போய்விட்டு எட்டுக்குள் வந்துவிடலாம். ஆட்டத்தை முடியும் வரை விட்டு எழுந்திருக்காதீர்கள். அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் பார்ஜர் அடித்த பந்து தரைக்கும் சுவர் மெத்தைக்கும் நடுவில் சிக்கி நின்றது. அதனால் முதல் பேஸிலிருந்து ஓடி வந்த ஆளின் ரன் கிடைக்கவில்லை. சில நிமிடத்தில் ஒரு கேட்ச், ஒரு எறிதல், இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது. ஏழாவதில் கோப்பைக்கு இரண்டே அவுட் இருந்தபோது டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார், பதினொன்றாவது இன்னிங்ஸில் அதே அணியின் வில் ஸ்மித் இன்னொன்று அடித்தார்.

தொடர் முடிந்த மறுநாள் ஒரு வேலை இருக்கிறது. ஸ்போர்ட்ஸ்நெட் மாதச் சந்தாவின் புதுப்பிப்பு தேதியைப் பார்த்து ரத்து செய்யுங்கள். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. ஆப்பிள் அல்லது கூகுள் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும், தளத்தில் நேராகச் சேர்ந்திருந்தால் தளத்தில். உறுதிசெய்யும் மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். மார்ச் கடைசியில் அடுத்த சீசன் தொடங்கும்போது மறுபடி சேர்ந்துகொள்ளலாம். ஏப்ரல் மாத வார நாட்களில் அந்த 500 அடுக்கு டிக்கெட் அக்டோபர் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.